பிறேக் சூவும் பேணும் கையும்: பழைய லான்ட் றோவர் வண்டிக்கு ஒரு செய்முறைப் பாடம்

ஓடச் செய்தல் எளிது. வேண்டிய இடத்தில் நிற்கச் செய்தலே அரிது. மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் எஞ்சின் வலுவையே வியந்து பேசுவர். மலையேறிய கதையும் சேறு கடந்த கதையும் விரும்பிக் கேட்கப்படுகின்றன. அவ்வண்டி மலையினின்றும் எவ்வாறு இறங்கியது என்று வினவுவார் மிகச் சிலரே. ஏறும்போது எஞ்சின் தோற்றால் வண்டி நின்றுவிடும். இறங்கும்போது பிறேக் தோற்றால் வண்டி நில்லாது. ஓட்டுபவர் உயிர் மட்டுமன்றி, உடன் செல்வோர் உயிரும் தெருவிற் செல்வோர் உயிரும் இதனைச் சார்ந்துள்ளன.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் பொறியியல் கற்றோர் பலர் உளர். அவர்கள் இருக்க, தமிழ் கற்பிக்கும் நாம் இப்பொருளை எடுத்துக்கொண்டது என்னை என்று சிலர் வினவலாம். இலக்கியத்தைச் சுவைபடச் சொல்லும் உரைநடை நம்மிடம் நிரம்ப உண்டு. கைத்தொழில் ஒன்றை, படிப்பவர் தாமே செய்துபார்க்கத் தக்க வகையில், முன்பின் முரணாது ஒழுங்குறச் சொல்லும் உரைநடை அத்துணை மிகுதியாக இல்லை. அக்குறையைச் சிறிதேனும் நிரப்பல் தமிழாசிரியர்க்கும் கடனாகும் என்பதே நம் விடை.

இப்பாடத்தின் உட்பொருளை முதலிலேயே கூறிவிடுகின்றோம். இக்கால வண்டிகளிற் பெரும்பாலானவற்றின் பிறேக், தன் தேய்வைத் தானே ஈடுசெய்துகொள்ளும். பழைய வண்டியில் அவ்வமைப்பு இல்லை. சூ தேயுந்தோறும் அதனை ட்றம்முக்கு அண்மையிற் கொண்டுவந்து நிறுத்துவது மனிதனுடைய கை. ஆகவே பேணுபவரின் கையும் அப்பிறேக்கின் உறுப்புகளுள் ஒன்று. அவ்வுறுப்புத் தன் கடமையை மறந்தால், ஏனைய உறுப்புகள் செவ்வனே அமைந்தும் பயனில்லை.

வண்டி

லான்ட் றோவர் வண்டி 1948ஆம் ஆண்டு ஏப்பிரில் 30ஆந் திகதி அம்சர்டாம் நகரக் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதன் இரண்டாம் வரிசை 1958இலும், இரண்டாம் வரிசை 'ஏ' வகை 1961இலும், மூன்றாம் வரிசை 1971இலும் வெளிவந்தன. மூன்றாம் வரிசை 1985 வரை உருவாக்கப்பட்டது. இவ்வரிசை வண்டிகள் யாவற்றிலும் நான்கு சில்லுகளுக்கும் ட்றம் பிறேக்கே பொருத்தப்பட்டிருந்தது. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும் அரசாங்கத் திணைக்களங்களிலும் இவை நெடுங்காலம் உழைத்தன. இன்றும் ஆர்வமுடையோர் சிலர் இவற்றைப் பேணி ஓட்டிவருகின்றனர்.

அச்சுகளுக்கு இடையே 88 அங்குலம் உடையது குட்டை வண்டி. 109 அங்குலம் உடையது நெட்டை வண்டி. முன்னதன் ட்றம் 10 அங்குல விட்டமுடையது. பின்னதன் ட்றம் 11 அங்குல விட்டமுடையது. நாம் இங்கு இரண்டாம் வரிசைக் குட்டை வண்டியையே எடுத்துக்கொண்டு, நெட்டை வண்டி வேறுபடும் இடத்தை ஆங்காங்குக் குறிப்போம்.

பெயரும் உறுப்பும்

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. டகரம் மொழிக்கு முதலில் வாராது என்பது இலக்கணம். ஆயினும் கராச்சில் நிற்பவரிடம் 'ட்றம்' என்றாற்றான் பொருள் விளங்கும். விளங்காத தூய சொல்லால் பிறேக் பிழைபட்டு உயிர் போவதினும், விளங்கும் திசைச்சொல்லால் உயிர் காத்தல் நன்று. ஆதலின் தொழிலாளர் வழங்கும் சொற்களையே நாமும் வழங்குவோம்.

சில்லோடு சேர்ந்து சுழலும் இரும்பு வட்டில் ட்றம் எனப்படும். அதனுள்ளே சுழலாது நிற்கும் பிறை வடிவான இரு துண்டுகள் சூக்கள். சூவின் வெளிவளைவில் ஒட்டியோ ஆணியடித்தோ பதிக்கப்பட்ட உராய்வுப் பட்டை லைனிங். சூக்களைத் தாங்கி அச்சோடு பூட்டப்பட்டு நிற்பது பின்தட்டு. சூக்களின் மேல்முனைகளுக்கு இடையே உள்ள சிறிய உருளை சில்லுச் சிலிண்டர். அதனுள் இரு முசலங்கள் உண்டு. சூக்களை ட்றம்மினின்றும் பின்னிழுத்து வைப்பன ஸ்பிறிங்குகள். கால்மிதியோடு தொடர்புற்றுப் பிறேக் ஒயிலை அமுக்கி அனுப்புவது மாஸ்டர் சிலிண்டர்.

'சூ' என்பது ஆங்கிலத்திற் காலணியைக் குறிக்கும் சொல். போர்த்துக்கேயர் வழியாக வந்து நம் நாட்டில் வேரூன்றிய 'சப்பாத்து' என்ற சொல்லின் பொருளும் அதுவே. இதனோடு தொடர்புடைய ஒரு செய்தி உண்டு. இங்கிலாந்தின் டார்பிசயர் மலைப்பகுதியில், உழவர்கள் தம் குதிரை வண்டிகளின் தடைக்கட்டையிற் பழைய சப்பாத்துகளைக் கட்டி இறக்கத்தில் ஓட்டினர் என்றும், அதனைக் கண்ட ஹெர்பட் புறூட் என்பவர் உராய்வுப் பட்டை செய்யும் எண்ணம் கொண்டார் என்றும் கூறப்படுகின்றது. அவர் 1897இல் அம்முயற்சியைத் தொடங்கினார். ட்றம் பிறேக் அமைப்புக்கு 1902இல் பிரான்சு நாட்டு லூயி றெனோ உரிமைப் பத்திரம் பெற்றார்.

பிறேக் இயங்கும் முறை

மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கப்படும் அமுக்கம் எல்லாத் திசைகளுக்கும் சமமாகப் பரவும் என்பது பஸ்கால் கண்ட விதி. மிதியை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டரில் எழும் அமுக்கம், குழாய் வழியே நான்கு சில்லுகளுக்கும் ஒரே அளவிற் செல்கின்றது. சில்லுச் சிலிண்டரின் முசலங்கள் வெளியே தள்ளப்பட, சூக்கள் விரிந்து ட்றம்மில் உரசுகின்றன.

இங்கே நுணுகி நோக்கத்தக்கது ஒன்று உண்டு. இரு சூக்களும் ஒத்த தோற்றமுடையன. ஆயினும் ஒத்த வேலையைச் செய்வனவல்ல. வண்டி முன்னோக்கிச் செல்லும்போது, முன்புறச் சூவின் மேல் ட்றம் மேலிருந்து கீழ் நோக்கி ஓடுகின்றது. அஃதாவது முசலத்தால் தள்ளப்படும் முனையினின்றும் தாங்கப்பட்ட முனையை நோக்கி ஓடுகின்றது. அவ்வுராய்வு சூவை மேலும் ட்றம்முக்குள் இழுத்து இறுக்குகின்றது. கதவின் கீழ் வைத்த ஆப்பு, கதவு தள்ளத் தள்ள இறுகுவதை ஒத்தது இது. இதனை முந்து சூ என்போம். பின்புறச் சூவிலோ உராய்வு சூவை ட்றம்மினின்றும் விலக்க முயல்கின்றது. அது பிந்து சூ. ஆகவே முந்து சூவே பெரும்பங்கு வேலையைச் செய்கின்றது; விரைவில் தேய்வதும் அதுவே. வண்டி பின்னோக்கிச் செல்லும்போது இவ்விரண்டின் தொழிலும் மாறிவிடும்.

நெட்டை வண்டியின் முன்சில்லுகளில் இரண்டு சிலிண்டர்கள் வைத்து இரு சூக்களையும் முந்து சூக்களாக்கினர். முன்னோட்டத்தில் இதனால் வலிமை மிகும். ஆனால், ஏற்றத்தில் நின்ற வண்டி பின்னோக்கி உருளுமாயின், அவ்விரண்டும் பிந்து சூக்களாகிவிடும். இதனை ஓட்டுபவர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

மேலும் ஒன்று. இரண்டாம் வரிசை வண்டியில் நான்கு சில்லுகளுக்கும் ஒயில் செல்வது ஒரே தொகுதியால். ஓரிடத்திற் பெருங்கசிவு ஏற்படுமாயின் நான்கு சில்லுகளும் ஒருங்கே பிறேக்கை இழக்கும். ஆதலின் 'ஒரு சில்லில் மட்டுந்தானே கசிகின்றது' என்று ஆறுதல் கொள்ளல் அறியாமை.

வெப்பக் கணக்கு

பிறேக் இயக்கத்தை அழிப்பதில்லை. அதனை வெப்பமாக மாற்றுகின்றது. கணக்கிட்டுக் காண்போம். சுமையோடு 1500 கிலோகிராம் நிறையுள்ள வண்டி மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்கின்றது எனக் கொள்க. அதன் இயக்கசத்தி ஏறக்குறைய 208 கிலோயூல். ஒரு முறை அவ்வண்டியை முற்றாக நிறுத்தினால் இவ்வளவும் வெப்பமாகும். நம் நாட்டுச் சாதாரண வெப்பநிலையில் உள்ள தண்ணீர் 680 மில்லிலீற்றர் அளவைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். வேகம் பாதியானால் வெப்பம் நாலிலொன்றாகக் குறையும்.

இனி இறக்கத்தைக் கருதுவோம். நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் வண்டி 1000 மீற்றருக்கு மேல் உயரத்தை இழக்கின்றது. அந்த 1000 மீற்றருக்கு மட்டும் கணக்கிட்டால் வெளிப்படும் சத்தி 14,700 கிலோயூல். மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடும் வண்டியை எழுபது தரம் நிறுத்துவதற்கு இது சமம். 48 லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. இவ்வெப்பம் முழுவதையும் மூடிய நான்கு ட்றம்களுக்குள்ளே செலுத்துவோமாயின் விளைவு யாது? ட்றம் வெப்பத்தால் விரிந்து சூவினின்றும் விலகும். மிதி முன்னிலும் ஆழமாகச் செல்லும். லைனிங்கின் உராய்வும் குறையும். ஒயில் கொதித்தால் குழாயில் ஆவி தோன்றி மிதி வெறிதே தாழும்.

ஆதலின் நெடிய இறக்கத்தில், ஏறுவதற்கு வேண்டிய அதே கியரைத் தொடக்கத்திலேயே இட்டு, எஞ்சினைக் கொண்டு வண்டியைத் தடுத்து இறங்கல் வேண்டும். பிறேக்கை இடையிடையே மிதித்து விடுதல் வேண்டும். காலை அதன்மேல் ஊன்றியே வைத்தல் ஆகாது. எத்துணை நன்றாகச் சூ மாற்றினும் இவ்வொழுக்கம் இல்லையேல் பயனில்லை.

மிதி சொல்லும் செய்தி

நோயாளியின் நாடியைப் பார்க்கும் மருத்துவன் போல, வண்டியைப் பேணுபவர் மிதியைப் பார்க்கப் பழகுதல் வேண்டும்.

மிதி முதன்முறை ஆழமாகச் சென்று, உடனே இரண்டாம் முறை மிதிக்க உயர்ந்து இறுகி நின்றால், சூவுக்கும் ட்றம்முக்கும் இடைவெளி மிகுந்துவிட்டது, சரிசெய்தல் வேண்டும். பஞ்சினை மிதித்தாற்போல மெத்தென்று இருந்தால் குழாயிற் காற்றுப் புகுந்துள்ளது. ஒரே சீராக அழுத்திப் பிடிக்க மிதி மெல்ல மெல்லத் தாழ்ந்தால் எங்கோ கசிவு உண்டு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் றப்பர் வளையம் பழுதுற்றது. அவ்வண்டியைத் தெருவிற் கொண்டுசெல்லல் தகாது. மிதி காலின் கீழ்த் துடித்தால் ட்றம் வட்டங் கெட்டுள்ளது. மிதி இறுகி நின்றும் வண்டி நில்லாதாயின் லைனிங் கண்ணாடி போல மெருகேறிவிட்டது, அல்லது ஒயில் தோய்ந்துவிட்டது.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால், இழுக்கும் பக்கத்துப் பிறேக் மற்றப் பக்கத்தினும் வலிதாகப் பிடிக்கின்றது என்பது பொருள். குற்றம் இழுக்கும் பக்கத்திலேதான் என்று துணிதல் கூடாது. பெரும்பாலும் மற்றப் பக்கத்துச் சூ ஒயில் தோய்ந்து வலியிழந்திருக்கும். இரும்போடு இரும்பு உரசும் ஓசை கேட்டால் லைனிங் முற்றாகத் தேய்ந்து ஆணித்தலை ட்றம்மைக் கீறுகின்றது. இனித் தாமதம் ஆகாது.

தொடங்குமுன்

இவ்வண்டியின் கைப்பிறேக் சில்லுகளைப் பிடிப்பதன்று. கியர்ப்பெட்டிக்குப் பின்னால் உள்ள தனி ட்றம் ஒன்றைப் பிடித்துப் பின்னச்சைச் செலுத்தும் தண்டை அது நிறுத்துகின்றது. பின்சில்லு ஒன்றை ஜக்கினால் உயர்த்தியதும், அச்சின் நடுவில் உள்ள பற்சில்லுத் தொகுதியின் இயல்பால், உயர்ந்த சில்லு ஒரு திசையிற் சுழல, நிலத்தில் உள்ள சில்லு மறு திசையில் உருளலாம். கைப்பிறேக் இறுகியிருந்தும் வண்டி நகர்ந்து ஜக்கினின்றும் விழும். ஆகவே சமதரையில் நிறுத்தி, நிலத்தில் உள்ள சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்தே வேலையைத் தொடங்குக. ஜக்கை மட்டும் நம்பாது, அச்சின் கீழ் உறுதியான தாங்கிகளை வைக்குக. வண்டியைக் கல்லின்மேல் ஏற்றி வைத்தல் கூடவே கூடாது.

அடுத்தது தூசி. பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்ரஸ் என்னும் நார்ப்பொருள் கலந்திருந்தது. அதன் தூசி மூச்சோடு சென்று நுரையீரலிற் படிந்தால், பல ஆண்டுகள் கழித்துங்கூடப் புற்றுநோயை விளைக்கவல்லது. ட்றம்முக்குள் உள்ள தூசியைக் காற்றடித்தோ வாயால் ஊதியோ அகற்றுதல் பெருந்தீங்கு. முகமூடி அணிந்து, ஈரத் துணியால் துடைத்து, அத்துணியைப் பைக்குள் இட்டுக் கட்டி அப்புறப்படுத்துக. சிறுவரை அவ்விடத்தே நிற்க விடாதீர்.

சூக்களை ஓர் அச்சின் இரு பக்கத்துக்கும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி நேரே நில்லாது.

கழற்றுதல்

பின்தட்டின் உட்புறத்தே அறுகோணத் தலையுடைய சரிசெய்யும் போல்ட் ஒன்று உண்டு. அதன் மறுமுனையில் நத்தை ஓடு போன்று வளைந்த கமம் ஒன்று பொருந்தி, சூவைத் தள்ளி நிறுத்துகின்றது. குட்டை வண்டியில் ஒரு சில்லுக்கு இத்தகைய போல்ட் ஒன்றே. நெட்டை வண்டியின் முன்சில்லுக்கு இரண்டு. பல காலம் தொடப்படாத போல்ட் துருவேறி இறுகியிருக்கும். வேலைக்கு இரண்டு மூன்று நாளுக்கு முன்னரே துருவிளக்கும் ஒயிலை இட்டு வைத்தல் நன்று. வலிந்து திருகினால் தலை உருண்டுபோகும்.

முதலில் சில்லின் ஐந்து நட்டுகளையும் சற்றே தளர்த்துக. பின்னர் வண்டியை உயர்த்திச் சில்லைக் கழற்றுக. ட்றம்மைப் பிடித்திருக்கும் மூன்று திருகாணிகளை எடுக்குக. சரிசெய்யும் போல்ட்டை முற்றாகத் தளர்த்திய பின்னரே ட்றம்மை இழுத்தல் வேண்டும். தேய்ந்த ட்றம்மின் விளிம்பில் வரம்பு போல எழுந்து நிற்கும் பகுதி சூவில் மாட்டிக்கொள்ளும். வராவிடின் மரச்சுத்தியலாற் சுற்றிலும் மெல்லத் தட்டுக. இரும்புச் சுத்தியலால் விளிம்பில் அடித்தால் வார்ப்பிரும்பு வெடிக்கும்.

ட்றம் வந்தபின் கைவைக்காது சற்று நேரம் பார்க்குக. எந்த ஸ்பிறிங் எந்தத் துளையில் மாட்டியுள்ளது, எந்தச் சூவில் லைனிங் எவ்விடத்தில் தொடங்குகின்றது என்பவற்றைத் தாளில் வரைந்துகொள்க. ஒரு பக்கத்து வேலை முடியுமட்டும் மறுபக்கத்து ட்றம்மைத் திறவாதிருத்தல் அறிவுடைமை. ஐயம் எழுந்தால் திறந்து பார்க்க அப்பக்கம் மாதிரியாக இருக்கும்.

சூவின் கீழ்முனையைப் பிடித்து வைக்கும் சிறு தட்டு இருப்பின் அதன் போல்ட்டுகளைக் கழற்றி, ஒரு சூவின் முனையை நெம்பி வெளியே எடுத்தால் ஸ்பிறிங்கின் இறுக்கம் தளரும். அதன் தெறிப்பு கண்ணைக் கெடுக்கவல்லது. கண்ணாடி அணிதல் வேண்டும். சூக்கள் நீங்கியதும் சில்லுச் சிலிண்டரின் முசலங்கள் வெளியே வாராதவாறு றப்பர் வளையம் ஒன்றினால் இறுக்கி வைக்குக. அந்நேரம் மிதியை ஒருவரும் மிதியாதவாறு பார்த்துக்கொள்க.

ஆராய்தல்

புதிய சூவைப் பூட்டுவதில் அவசரப்படுதல் கூடாது. பழைய சூ ஏன் அந்நிலைக்கு வந்தது என்று அறிந்த பின்னரே புதியதைப் பூட்டுதல் முறை.

ஆணியடித்த லைனிங்காயின், ஆணித்தலைக்கு மேல் 1.5 மில்லிமீற்றரேனும் எஞ்சியிருத்தல் வேண்டும். அதனிற் குறைந்தால் மாற்றுக. லைனிங் ஒயில் தோய்ந்திருப்பின் தடிப்பு எவ்வளவு இருந்தும் அது பயன்படாது. பெற்றோலாற் கழுவினும், நெருப்பிற் காட்டினும், உள்ளூறிய ஒயில் வெப்பமேறும்போது மீண்டும் வெளிப்படும்.

தோய்ந்தது எந்த ஒயில் என்பதையும் காண்க. தடித்துக் கருத்து மணம் வீசுமாயின் அச்சு ஒயில். குடத்தின் உள்ளே உள்ள றப்பர் வளையம் தேய்ந்து கசிந்துள்ளது. நீர்த்துத் தெளிந்திருப்பின் பிறேக் ஒயில். சில்லுச் சிலிண்டர் கசிகின்றது. சிலிண்டரின் தூசியுறையை மெல்ல விலக்கிப் பார்க்குக. உள்ளே நனைந்திருந்தால் அதனை மாற்றுக. கசிவை நிறுத்தாது புதிய சூவைப் பூட்டுதல், ஒழுகும் கூரையின் கீழ்ப் புதுப்பாய் விரிப்பதற்கு ஒப்பாகும்.

ட்றம்மின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்குக. ஆழ்ந்த கீறலோ வெடிப்போ இருத்தலாகாது. கீறல் சிறிதாயின் கடைசற் பட்டறையிற் கடைந்து எடுக்கலாம். ஆயினும் வண்டியின் கைந்நூல் குறித்த எல்லைக்கு மேற் கடைந்தால் ட்றம் மெலிந்து வெப்பந் தாங்காது. வெடித்த ட்றம்மைத் திருத்த வழியில்லை, எறிந்துவிடுக.

பூட்டுதல்

பின்தட்டைத் துடைத்துத் தூய்மை செய்து, சூ உரசும் இடங்களிலும் சூவின் இரு முனைகளிலும் வெப்பந் தாங்கும் கிறீஸை மிகச் சிறிதளவு தடவுக. லைனிங்கிலும் றப்பரிலும் அது படுதல் ஆகாது. கையிற் கிறீஸ் இருந்தால் கழுவிய பின்னரே புதிய லைனிங்கைத் தொடுக. பழைய ஸ்பிறிங் நீண்டோ துருவேறியோ இருப்பின் அதனையும் புதுக்குக.

ஸ்பிறிங்குகளை இரு சூக்களிலும் மாட்டி, வரைந்த படத்தோடு ஒப்பிட்டு, ஒரு முனையைப் பொருத்தி, மறுமுனையை நெம்பி இருத்துக. புதிய சூ தடித்தது. ஆதலின் முசலங்கள் உள்ளே தள்ளப்படும். அப்பொழுது மாஸ்டர் சிலிண்டரின் ஒயிற் பாத்திரம் நிரம்பி வழியலாம். பிறேக் ஒயில் பெயின்றை அரிக்கும். வழிந்தால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுக.

ட்றம்மை இட்டுத் திருகாணிகளைப் பூட்டுக. ட்றம் ஏறாவிடின் சரிசெய்யும் போல்ட் முற்றாகத் தளரவில்லை, அல்லது சூ நடுவில் இல்லை. அடித்து ஏற்றுதல் தகாது.

சரிசெய்தல்

இதுவே பேணுபவர் கை பிறேக்கின் உறுப்பாகும் இடம். கியரை நடுநிலையில் வைத்துச் சில்லைக் கையாற் சுழற்றிக்கொண்டே, சரிசெய்யும் போல்ட்டைச் சூ ட்றம்மை அணுகும் திசையில் மெல்லத் திருப்புக. சூ உரசும் ஓசை கேட்டதும் நிறுத்துக. பின்னர் மிதியை உறுதியாக ஒரு முறை மிதித்து விடுக. சூக்கள் நடுவில் வந்து அமரும். மீண்டும் உரசும் வரை திருப்பி, அதன்பின் கமத்தின் பல் இரண்டு பின்வாங்குக. சில்லு தடையின்றிச் சுழலல் வேண்டும். அச்சின் பற்சில்லுகளாலும் ஒயிலாலும் ஒரு சிறு தடை இயல்பாகவே இருக்கும். அதனைச் சூவின் உரசலென மயங்கற்க. சூவின் உரசலுக்கு ஓசை உண்டு.

நான்கு சில்லுகளுக்கும் இவ்வாறே செய்க. மிக இறுக்கினால் பிறேக் நன்றாகப் பிடிக்கும் என்று எண்ணுவார் சிலர். ஓயாது உரசும் சூ வெப்பமேறி, லைனிங்கை மெருகாக்கி, வேண்டும்போது பிடியாது போகும். தளர்ச்சியும் தவறு, இறுக்கமும் தவறு.

காற்றை அகற்றுதல்

சூ மட்டும் மாற்றப்பட்டதாயின் காற்றை அகற்ற வேண்டியதில்லை. குழாயோ சிலிண்டரோ திறக்கப்பட்டிருந்தால் இருவர் கூடி அதனைச் செய்க. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சில்லில் தொடங்கி, அண்மையில் உள்ளதில் முடிக்குக. வலப்புறத்தே ஓட்டுபவர் இருக்கும் நம் நாட்டு வண்டிகளில், இடப்பின், வலப்பின், இடமுன், வலமுன் என்பது முறை. காற்றுத் திறப்பில் ஒளிபுகும் குழாயை மாட்டி, மறுமுனையை ஒயில் உள்ள போத்தலில் அமிழ்த்துக. ஒருவர் மிதியை மெல்ல மிதிக்க, மற்றவர் திறப்பைத் திறக்குக. மிதி மேலெழுமுன் மூடுக. குமிழி வாராத வரைக்கும் செய்க. ஒயிற் பாத்திரம் வற்றாதவாறு இடையிடையே நிரப்புக. வெளிவந்த ஒயிலை மீண்டும் இடற்க.

பிறேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. 'டொட் 3' வகையின் கொதிநிலை புதிதாக உள்ளபோது 205 பாகை சதமம் ஆயினும் குறையாதிருத்தல் வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் அவ்வெல்லை 140 பாகை. 'டொட் 4' வகைக்கு இவை முறையே 230, 155. மலையிறக்கத்தில் இவ்வேறுபாடே உயிருக்கும் இறப்புக்கும் இடையே நிற்கலாம். ஆதலின் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஒயிலை மாற்றுக. எஞ்சின் ஒயிலை இதற்குப் பதிலாக இடுதல் ஒருபோதும் ஆகாது. றப்பர் வளையங்கள் வீங்கிக் கெடும்.

ஓட்டிப் பார்த்தல்

வண்டி நகருமுன் மிதி உயர்ந்து இறுகி நிற்கின்றதா என்று காண்க. ஆளில்லாத சமதரையில், நடைவேகத்தில் முதலிலும் சிறிது கூட்டிப் பின்னரும் நிறுத்திப் பார்க்குக. வண்டி நேரே நிற்றல் வேண்டும். சிறிது தூரம் ஓட்டியபின் ஒவ்வொரு ட்றம்முக்கும் அருகே புறங்கையைக் கொண்டுசென்று வெப்பத்தை ஒப்பிடுக. ஓர் அச்சின் இருபுறமும் ஒத்திருத்தல் வேண்டும். ஒன்று மட்டும் மிகச் சுட்டால் அச்சூ ஓயாது உரசுகின்றது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை. புதிய லைனிங் ட்றம்மின் வளைவுக்கு அமையுமட்டும், முதற் சில நூறு கிலோமீற்றருக்கு வன்மையாக மிதித்தலைத் தவிர்க்குக. அதன்பின் மீண்டும் ஒருமுறை சரிசெய்தல் இன்றியமையாதது. இதனை மறப்பவரே பலர்.

ஆறோ வெள்ளமோ கடந்தால் ட்றம்முக்குள் நீர் புகும். நனைந்த லைனிங் உடனே பிடியாது. கரையேறியதும் மிதியை மெல்ல ஊன்றியவாறு சிறிது தூரம் ஓட்டி, உராய்வு வெப்பத்தால் உலர்த்துக. சேற்றில் உழன்ற வண்டியின் ட்றம்மைத் திறந்து கழுவுதல் நலம்; உள்ளே காய்ந்த மணல் அரத்தைப் போல இரண்டையும் அராவும்.

முடிவுரை

இவ்வளவையும் தொகுத்துச் சொன்னால், 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை சரிசெய்தல், ஆண்டுக்கு ஒருமுறை ட்றம்மைத் திறந்து பார்த்தல், இரண்டாண்டுக்கு ஒருமுறை ஒயில் மாற்றல், நாள்தோறும் புறப்படுமுன் மிதியை ஒருமுறை மிதித்துப் பார்த்தல் என்னும் நான்கில் அடங்கும். முதல் மூன்றையும் கராச்சில் உள்ளவரிடம் ஒப்படைக்கலாம். நான்காவதை ஒப்படைக்க முடியாது. அது ஓட்டுபவர் தாமே செய்யவேண்டியது. அதற்கு வேண்டிய பொழுது சில விநாடிகளே.

பழைய வண்டியை வைத்திருத்தல் ஒரு பெருமை. அதனை ஓட்டுதல் ஒரு பொறுப்பு. வெளிப்புறத்துக்குப் புதுப் பெயின்று பூசி, ட்றம்முக்குள் என்ன இருக்கின்றது என்று பாராது தெருவில் விடுவார், தம் பெருமைக்குப் பிறர் உயிரைப் பணயம் வைக்கின்றார். கண்ணுக்குத் தோன்றாத இடத்தைத் தூய்மையாக வைத்திருக்கும் பழக்கம் கல்வியின் பயன்களுள் ஒன்று. யூபிலி காணும் நம் கல்லூரியிற் பயின்றோர் எத்தொழில் செய்யினும் அப்பழக்கத்தை விடாதிருப்பாராக.